எலக்ட்ரான் கொத்துக்கு நேரம் பார்ப்பது எப்படி?

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரிலிருந்து ஷெனஃபெல்ட் வரை மண்ணுக்கடியில் 3.4 கி.மீ. நீளத்துக்குப் படுத்திருக்கிறது யூரோப்பியன் எக்ஸ்ஃபெல். 2017 முதல் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கும் இந்தத் துகள் முடுக்கியில், எலக்ட்ரான்களைக் கொத்துக் கொத்தாக விரட்டி, காந்த வரிசைக்குள் நெளியவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கிறார்கள். ஒரு லேசர் துடிப்பு மூலக்கூறைத் தட்டிவிடும். பின்னாலேயே வரும் எக்ஸ் கதிர் அதைப் படம்பிடிக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி தடவைக்குத் தடவை மாறினால் படம் கலங்கிவிடும். இங்கே கணக்கெல்லாம் ஃபெம்டோ விநாடியில், அதாவது ஒரு விநாடியைப் பத்து கோடி கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளியே 0.3 மைக்ரோமீட்டர்தான் நகரும். ஒரு தலைமுடியின் குறுக்கே போக அதற்கு 200 ஃபெம்டோ விநாடிக்கு மேல் ஆகும்.

முதல் தலைவலி, கடிகாரம். ஒரே ஒரு தலைமை லேசரின் துடிப்புகளைத்தான் எல்லா இடத்துக்கும் பொதுக் கடிகாரமாக, ஃபைபர் என்கிற கண்ணாடி இழை வழியாகச் சுரங்கம் முழுக்க அனுப்புகிறார்கள். ஆனால் 1 கி.மீ. ஃபைபர் ஒரே ஒரு டிகிரி சூடேறினால், அதில் போகும் ஒளி ஏறத்தாழ 35,000 ஃபெம்டோ விநாடி பிந்திவிடும். ஏசி போட்டுச் சமாளிக்கிற விஷயமல்ல இது. அதனால் ஃபைபரின் மறுமுனையில் ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலி கேட்பது மாதிரி. திரும்பி வந்த துடிப்பைப் புதிதாகக் கிளம்பும் துடிப்போடு ஒப்பிட்டு, பிந்தியிருந்தால் பாதையை அந்த அளவு சுருக்குகிறார்கள், முந்தியிருந்தால் நீட்டுகிறார்கள்.

அடுத்தது, கொத்து எப்போது வந்தது என்று பார்ப்பது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கொத்து கடந்து போகையில் குழாய்ச் சுவரில் உள்ள உணரியில் ஒரு மின்துடிப்பு எழும். ஃபைபரில் வந்த லேசர் துடிப்பின் பிரகாசத்தை அது மாற்றும்படி அமைத்திருக்கிறார்கள். கொத்து சொன்ன நேரத்துக்கு வந்தால் பிரகாசம் மாறாது. முந்தினால் ஒரு பக்கம், பிந்தினால் மறுபக்கம் மாறும். நேரத்தை அளக்கும் வேலை, வெளிச்சத்தை அளக்கும் வேலையாகிவிடுகிறது!

பிந்திய கொத்தை விரட்டத்தான் முடியாது. ஏற்கெனவே கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் ஓடுகிறது. ஆனால் வழியில் நான்கு காந்தங்கள் பாதையை வளைத்து மறுபடி நேராக்கும் இடம் ஒன்று உண்டு. ஆற்றல் கூடிய எலக்ட்ரான் அங்கே குறைவாக வளையும், அதன் வழி குறுகும், முன்னதாக வந்து சேரும். ஆகவே வளைவுக்கு முன்னால் இருக்கும் முடுக்கிப் பகுதியில் மின்புலத்தை இம்மியளவு கூட்டினாலே போதும்.

கொத்துகள் ரயில் பெட்டிகள் மாதிரி தொடர் தொடராக வருகின்றன: விநாடிக்கு 10 தொடர்கள், ஒவ்வொன்றிலும் 2,700 கொத்துகள் வரை. ஒரு கொத்தை அளந்து திருத்துவதற்குள் அது போயே போய்விடும். பலன் பின்னால் வருபவற்றுக்குத்தான். ஒவ்வொரு தொடரிலும் முன்னால் ஓடும் கொத்துகளுக்கு அந்த உதவி கிடைப்பதில்லை.