உங்கள் புளோக்கின் கீழே என்ன நிறத் தொட்டி?

போன மாதம் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் தொடக்கப்பள்ளி மாணவர்களின் சுற்றுச்சூழல் படைப்புகளுக்கு நடுவராகப் போயிருந்தேன். முதலில் மேடையேறியவள் தொடக்கநிலை 5 மாணவி. தங்குதடையற்ற தமிழ், ஒரு சொல்லுக்குக்கூடத் தாளைப் பார்க்கவில்லை. திரையில் உருகும் பனிப்பாறைமீது எலும்பும் தோலுமாக ஒரு பனிக்கரடி. அடுத்த படத்தில் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு குப்பைத் தொட்டிகள். “நாம் வீசும் பிளாஸ்டிக் பாட்டில் மண்ணுக்கடியில் 450 ஆண்டுகள் மக்காமல் கிடக்கும்” என்று முழங்கிவிட்டுக் கைகூப்பினாள். அரங்கம் கைதட்டியது.

“உங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே என்ன நிற மறுசுழற்சித் தொட்டி இருக்கிறதம்மா?” என்று கேட்டேன்.

திரும்பித் திரையைப் பார்த்தாள். நான்கில் எதைச் சொல்வது என்று தெரியாமல் விழித்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய தம்பிதான், “நீலம்! நீலம்!” என்று கத்தினான்.

நிகழ்ச்சி முடிந்ததும் தாயார் வந்தார். கோபமில்லை, கொஞ்சம் வருத்தம். “எல்லாமே பெரிய பெரிய இணையத்தளங்களிலிருந்து எடுத்தது டீச்சர். அதில் என்ன தவறு?”

பெரிதாகத் தவறு ஒன்றுமில்லை, அவை வேறோர் ஊருக்காக எழுதப்பட்டவை என்பதைத் தவிர.

இந்த ஆண்டு நான் பார்த்த நான்காவது பனிக்கரடி இது. பள்ளிகளிலும் சமூக மன்றங்களிலும் 14 ஆண்டுகளாகச் சுற்றுச்சூழல் பட்டறை நடத்திவருகிறேன். கரடியோடு எனக்குப் பகையில்லை. ஆனால், மின்தூக்கியில் இறங்கினால் காணக்கூடிய தொட்டியின் நிறம் தெரியாத பிள்ளைக்கு ஆர்க்டிக்கின் அவலம் மனப்பாடமாகத் தெரிந்திருப்பது எனக்கு உறக்கத்தைக் கெடுக்கிறது. இணையத்தைக் கொண்டு சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் வீட்டில் உதவும் பெற்றோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலில் அந்த 450 ஆண்டுக் கதையை ஒரு வழி செய்துவிடுகிறேன். நாம் குடித்துவிட்டு வீசும் பாட்டில்கள் பெரும்பாலும் பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அந்த பெட் பாட்டிலுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது 1973இல். அதற்கு 450ஆம் பிறந்தநாள் கொண்டாடியவர் யாருமில்லை. அது அளந்து பார்த்த எண் அன்று, மதிப்பீடு. சரி, எண்ணை விடுங்கள். ‘மண்ணுக்கடியில்’ என்கிறோமே, எந்த மண்ணுக்கடியில்? சிங்கப்பூரில் வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்று பட்டறைகளில் கேட்டால், பெரியவர்களும் “செமாக்காவ் தீவில் கொட்டுகிறார்கள்” என்பார்கள். நீங்கள் சமையலறையில் கட்டிப்போடும் பை அப்படியே தீவுக்குப் போவதில்லை. லாரி அதை எரியாலைக்குக் கொண்டுபோகிறது. 1979இல் உலு பாண்டானில் முதல் ஆலை திறந்த காலத்திலிருந்து இந்த ஊர் குப்பையை எரிக்கிறது. எரித்தால் கன அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்தச் சாம்பலும், எரிக்க முடியாத கழிவும் துவாஸிலிருந்து மூடிய படகில் ஏறிச் செமாக்காவ் போகின்றன. ஆகவே, குப்பைப் பைக்குள் போட்ட உங்கள் பாட்டில் 450 ஆண்டு கிடக்காது. சில நாள்களிலேயே புகையும் சாம்பலும் கொஞ்சம் மின்சாரமும் ஆகிவிடும்.

“அப்படியானால் பிளாஸ்டிக்கால் தொல்லையில்லையா?” என்று உயர்நிலை மாணவர்கள் உடனே மடக்குவார்கள். அருமையான கேள்வி. பிள்ளை அதைக் கேட்டுவிட்டால் என் வேலை பாதி முடிந்தது. எரித்தால் கரியமில வாயு. எரித்த பின்னும் சாம்பலுக்கு இடம் வேண்டும். 1999இல் திறந்த செமாக்காவ் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது இப்போதைய கணிப்பு. மேடையில் நின்ற அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபது வயதை ஒட்டி இருக்கும். அடுத்த செமாக்காவுக்குக் கடலில் இடம் தேட வேண்டியது அவள் தலைமுறை. வரும் தலைமுறையின் தேவையைப் பறிக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவதே நீடித்த வளர்ச்சி என்று 1987ஆம் ஆண்டு ஐநா ஆணைய அறிக்கையின் வரையறையைப் பிள்ளைகளுக்கு நெட்டுருப் போடவைக்கிறார்களே, அதைவிட இந்த ஒரு கணக்கு போதும். வடிகாலில் எறிந்த பாட்டிலும் கடற்கரையில் விட்டுவந்த பாட்டிலும் வேறு கதை. அவை எரியாலையைப் பார்ப்பதேயில்லை. மக்காமல் கிடக்கும் தொல்லை அங்கேதான்.

இதே குழப்பத்தின் தங்கை ‘மக்கும் பை’. வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு, “மக்கும் பைக்கு மாறுங்கள்” என்று சுவரொட்டி வரைகிறார்கள். எரியப் போகிற பை மக்கினால் என்ன, மக்காவிட்டால் என்ன? ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஒன்றுக்குப் பதில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் இன்னொன்று இங்கே விடையாகாது. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்களே, ஏன் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பையின் வகையை மாற்றச் சொல்லவில்லை, எண்ணிக்கையைக் குறைக்கத்தான் அந்தக் காசு.

நான்கு தொட்டிக்கு வருகிறேன். நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளின் கீழே இருப்பது ஒரே ஒரு நீலத் தொட்டி. தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாம் அதற்குள் ஒன்றாகத்தான். பிரிப்பது பிறகு ஆலையில். இங்கே பிள்ளை கற்க வேண்டிய திறமை நிறம் பார்த்துப் பிரிப்பது அன்று; எது உள்ளே போகக்கூடாது என்பது. நீலத் தொட்டியில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாது. குடித்து மிச்சம் வைத்த பபிள் டீ கோப்பை ஒன்று கவிழ்ந்தால் அதற்கடியில் இருக்கும் நாளிதழ்க் கட்டு முழுவதும் வீண். குழம்பு ஒட்டிய உணவுப் பெட்டி, மெல்லிழைத் தாள், நுரைப்பெட்டி, பழைய செருப்பு எல்லாம் உள்ளே கிடப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒருமுறை ரைஸ் குக்கர், உள்ளே சோற்றோடு. 2023இல் வீட்டுக் கழிவில் மறுசுழற்சியானது 12 விழுக்காடுதான் என்றால் வியப்பென்ன? நான்கு நிறத் தொட்டிக்கு வண்ணம் தீட்டும் பயிற்சித்தாளை அச்சடித்துக் கொடுக்கும் ஆசிரியர்களே, அந்தத் தாளும் நீலத் தொட்டிக்குத்தான் போகிறது.

தமிழில் தேடினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். தமிழில் கிடைக்கும் சுற்றுச்சூழல் பக்கங்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக்காக எழுதப்பட்டவை. அந்த மண்ணுக்கு அவை நல்லவை. ஆனால் ஒரு மாணவன் கட்டுரையில் “நாம் அனைவரும் சீமைக் கருவேல மரங்களை வேரோடு அகற்ற வேண்டும்” என்று எழுதியிருந்தான். எங்கே பார்த்தாய் என்றேன். “தாத்தா ஊரில்” என்றான், மன்னார்குடிப் பக்கமாம். இன்னொரு குடும்பம் விடுமுறையில் உட்கார்ந்து முந்நூறு விதைப்பந்து உருட்டிவிட்டு, புக்கித் தீமாவில் எந்தப் பக்கமாக வீசலாம் என்று எனக்குச் செய்தி அனுப்பியது. ஐயா, அம்மா, தயவுசெய்து வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட காடு. வெளியிலிருந்து வரும் விதை அங்கே விருந்தாளி அன்று. செடி வைக்க ஆசையிருந்தால் சமூகத் தோட்டம் இருக்கிறது; தேசியப் பூங்காக் கழகத்தின் மரநடு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. அப்புறம் அந்த அரச மரம். அது இரவிலும் ஆக்ஸிஜன் தருகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பாடத்தில் சேர்க்காதீர்கள். ஒளிச்சேர்க்கை என்ற பெயரிலேயே விடை இருக்கிறது.

இவ்வளவு திட்டிவிட்டு, இணையமே வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்று எண்ணினால் தவறு. இணையம் இல்லாமல் என்னால் ஒரு வாரம்கூடப் பாடம் நடத்த முடியாது. அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் தீவெங்கும் உள்ள மழைமானிகளின் அளவு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒரு பிற்பகல் உயர்நிலை 2 வகுப்பில் அதைத் திறந்தோம். நாங்கள் இருந்த பக்கம் வெயில் காய்ந்தது. மேற்கே சில நிலையங்களில் எண் ஏறிக்கொண்டே போனது. கிழக்கே சாங்கியில் சுழியம். ஒரு பையன் நம்பாமல், ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கும் பாட்டியை அழைத்தான். பாட்டி எடுத்த எடுப்பிலேயே, “துணியெல்லாம் நனைந்துவிட்டதடா!” என்று கத்தியது வகுப்புக்கே கேட்டது. கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர்தான் இந்தத் தீவு; அதற்குள்ளேயே மழை ஓரிடத்தில் கொட்டுகிறது, ஓரிடத்தில் இல்லை. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஏன் நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருக்கிறது, புளோக்கின் பக்கத்து வடிகாலில் எறிந்த சிகரெட் துண்டு எந்த நீர்த்தேக்கத்துக்குப் போகும் என்பதற்கெல்லாம் நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து என் செல்லம், ஐநேச்சுரலிஸ்ட் செயலி. படம் எடுத்து ஏற்றினால் உயிரினத்தின் பெயரைப் பரிந்துரைக்கும். பிறகு உலகின் எந்த மூலையிலிருந்தோ யாராவது சரி என்பார்கள், மறுப்பார்கள். பிள்ளைகளைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினேன். எல்லோரும் மைனாவோடு திரும்பினார்கள். சலித்துக்கொண்டார்கள். பெரிதாக்கிப் பாருங்கள் என்றேன். கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் தெரிந்தால் அது நம் தாத்தா பாட்டி அறிந்த நாட்டு மைனா. உடல் கருஞ்சாம்பல், கண்ணைச் சுற்றி மஞ்சள் இல்லை, நெற்றியில் சிறு கொண்டை என்றால் ஜாவா மைனா. இருபது படங்களில் பதினேழு ஜாவா. அது இந்த ஊருக்குக் கூண்டுப் பறவையாக வந்து தப்பிப் பெருகியது. இங்கே உணவங்காடி மேசையில் தட்டைக் கொத்துகிறது என்று விரட்டுகிறோம். அதன் சொந்த ஊரான ஜாவாவிலோ, பாட்டுக்காகவும் வியாபாரத்துக்காகவும் பிடித்துப் பிடித்து அழியும் ஆபத்துள்ள பறவைகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. “அப்படியென்றால் இங்கிருப்பதைப் பிடித்து அங்கே அனுப்பலாமே டீச்சர்?” என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வியில் அடுத்த மூன்று வகுப்புகள் போயின. எந்தப் பனிக்கரடியும் எனக்கு இதைத் தந்ததில்லை.

இனிக் கறாராகச் சில.

எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இது எந்த ஊர் என்று முதலில் பாருங்கள், பிறகு எந்த ஆண்டு என்று பாருங்கள். செமாக்காவ் 2045 வரை தாங்கும் என்று சொல்லும் பழைய பக்கங்கள் இன்னும் உலவுகின்றன. 2020 முடக்கத்தின்போது வெனிஸ் கால்வாய்க்கு டால்ஃபின் திரும்பிவிட்டது என்று உலகமே கண்ணீர் விட்டது. படம் எடுத்த இடம் சார்டினியாத் தீவின் துறைமுகம். மனதை உருக்கும் படம் என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதுகிறீர்களா? எழுதுங்கள், ஆனால் அது சொன்ன ஒரு வரியையாவது பிள்ளை கீழே போய்ச் சரிபார்க்கட்டும். இந்த ஊர் எண்களுக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம், பொதுப் பயனீட்டுக் கழகம், தேசியப் பூங்காக் கழகம் மூன்றின் பக்கங்களையும் பார்த்துவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

பிள்ளை பெயரில் கணக்கு திறக்காதீர்கள். ஆசிரியரின் கணக்கில் ஏற்றுங்கள். வாசலில் எடுத்த படத்தோடு இருப்பிடமும் சேர்ந்தே போகிறது. அரிய உயிரினத்தைக் கண்டால் இடத்தைப் பறைசாற்ற வேண்டாம், தேடிவருபவர்களில் எல்லோரும் நல்லவர்கள் இல்லை. தொட்டியை மேலிருந்து பார்த்தால் போதும், கை விடக்கூடாது. உடைந்த கண்ணாடியும் கரப்பானும் அங்கே குடியிருக்கின்றன.

ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு மணி நேர வகுப்பில் பத்து நிமிடம் திரை, பதினைந்து நிமிடம் கீழ்த்தளம், மிச்சம் பேச்சு என்று ஒரே ஒருமுறை நடத்திப் பாருங்கள். பெற்றோருக்கு ஒரு கெஞ்சல்: படவில்லைகளைப் பிள்ளையே செய்யட்டும். கோணலாக வரட்டும். நீங்கள் செய்தது எங்களுக்குத் தெரியும், எழுத்துரு காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தத் தொடக்கநிலை 5 மாணவி இரண்டு வாரம் கழித்து இரண்டாம் சுற்றுக்கு வந்தாள். முதல் படம் அவர்கள் புளோக்கின் நீலத் தொட்டி, வாயில் ஒரு தலையணை பிதுங்கிக்கொண்டு. கீழே அவள் எழுதியிருந்தாள்: சனிக்கிழமை காலை 9.10. அடுத்து ஒரு பட்டியல்: அட்டைப்பெட்டி 6, நாளிதழ் நிறைய, பபிள் டீ கோப்பை 4 (மூன்றில் மிச்சம்), தலையணை 1, பொம்மைக் கார் 1 (தம்பி எடுக்கக் கேட்டான், அம்மா விடவில்லை). கடைசிப் படத்தில் பழைய பனிக்கரடி அப்படியே நின்றது.

“இதை ஏன் எடுக்கவில்லை?” என்றேன்.

“அழகாக இருக்கிறது, டீச்சர்.”

இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.