உண்ணும்போது ஒரு வடிவம், கட்டும்போது அதன் எதிருரு

“நுண்ணோக்கியில் பாக்டீரியாவைப் போலவே தெரியும் ஆர்க்கியா என்ற ஒற்றைச்செல் நுண்ணுயிர்களைத் தனியாகப் பிரித்து வைப்பது ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1977இல் கார்ல் ஊஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பிரித்தார்கள் என்பதே வழக்கமான பதில். எனக்கு அதைவிடப் பிடித்த சான்று செல்சவ்வில் இருக்கிறது.

நம் செல்சவ்வில் கிளிசரால் பாஸ்பேட் என்ற மூலக்கூறோடு கொழுப்பு அமிலங்கள் எஸ்டர் என்ற வேதிப் பிணைப்பால் சேர்ந்திருக்கும். ஆர்க்கியாவில் அந்த இடத்தில் ஐசோப்ரீன் என்ற சிறு கார்பன் அலகுகளாலான கிளைத்த சங்கிலிகள், ஈதர் என்ற வேறுவகைப் பிணைப்பில். ஈதர் லேசில் உடையாது. உப்பில் வாழும் நுண்ணுயிர்களில் இதை 1960களில் கண்டறிந்தவர் கனடாவின் மாரிஸ் கேட்ஸ்.

நாமும் பாக்டீரியாவும் சவ்வுக்கு எடுப்பது கிளிசரால்-3-பாஸ்பேட். ஆர்க்கியா எடுப்பது அதன் கண்ணாடிப் பிம்பமான கிளிசரால்-1-பாஸ்பேட். அணுக்கள் அதேதான், ஆனால் இடது, வலது செருப்பைப் போல ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

சாக்கடலில் வாழும் ஹாலோஃபெராக்ஸ் வால்கேனி என்ற ஆர்க்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உப்பைத் தாங்க டுனாலியெல்லா என்ற பாசி தனக்குள் கிளிசராலைச் சேர்த்து வைக்கிறது. பாசியிடமிருந்து வெளியேறும் கிளிசரால் இந்த ஆர்க்கியாவுக்கு உணவு. குளுக்கோஸ் கூடவே இருந்தாலும் கிளிசராலுக்குத்தான் முதலிடம். உள்ளே வந்ததும் ஒரு நொதி அதன் ஒரு முனையில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. கிடைப்பது கிளிசரால்-3-பாஸ்பேட், அதாவது நம்முடைய வடிவம்! பாக்டீரியாவாக இருந்தால் அதை அப்படியே சவ்வுக்குப் பயன்படுத்தியிருக்கும். இந்த ஆர்க்கியாவால் அது முடியாது. இன்னொரு நொதி அதன் நடுக் கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்க, அது டைஹைட்ராக்சி அசிட்டோன் பாஸ்பேட் ஆகிறது. இப்போது நடுக் கார்பன் தட்டையாகிவிட்டது. இடமும் இல்லை, வலமும் இல்லை. ஒரு பகுதி ஆற்றலுக்காக எரிகிறது. சவ்வுக்கான பகுதியில் மூன்றாவது நொதி, முன்பு ஹைட்ரஜன் இருந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஹைட்ரஜனைப் பொருத்துகிறது. கிளிசரால்-1-பாஸ்பேட் தயார்! பாக்டீரியாவில் எதிர்வடிவத்தை உருவாக்கும் நொதிக்கும் இதற்கும் பரிணாம உறவு கிடையாது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. அப்புறம் 20 கார்பன் சங்கிலிகள் இரண்டு ஒட்டிக்கொள்ளும்.

இருவகைக் கொழுப்பும் கலந்தால் சவ்வு நிலைக்காது, அதனால்தான் ஆதி உயிர்கள் இரண்டாகப் பிரிந்தன என்றொரு கருத்து இருந்தது. 2018இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகக் குழு, ஈ.கோலை பாக்டீரியாவின் பாஸ்போலிப்பிட்களில், அதாவது சவ்வுக் கொழுப்புகளில், 30 விழுக்காடு வரை ஆர்க்கியா வகையாக மாற்றிக் காட்டியது. கலப்புச் சவ்வோடு அந்த பாக்டீரியா நன்றாகவே வளர்ந்தது.