மூலத்திலிருந்து நீங்கள் மாற்றியது என்னென்ன?

வெளியிலிருந்து ஒரு திறமூல மென்பொருளை எடுத்து, நமக்கு வேண்டிய நாலு மாற்றங்களைச் செய்து ஓட்டுவது நம் துறையில் அன்றாடம் நடப்பதுதான். சாதனங்களுக்கான லினக்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, பராமரிப்பது என் வேலை. புதிதாக ஒரு குழுவுக்கு உதவப் போனால் முதலில் தலைப்பில் உள்ள கேள்வியைத்தான் கேட்பேன். "எல்லாம் கிட்டில் இருக்கிறதே" என்பார்கள். கிட் என்பது நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவி. இருக்கிறதுதான். ஆனால் எப்படி? ஒரு திருத்தம் ஒரு கமிட்டில், அதாவது சேமித்த ஒரு பதிவில். அதில் இருந்த பிழையைச் சரிசெய்தது பல மாதம் கழித்து வேறொரு கமிட்டில். மீதி, இருவர் மாற்றங்கள் மோதி கான்ஃப்ளிக்ட் வந்தபோது, அவற்றை இணைக்கும் மெர்ஜ் கமிட்டுக்குள்ளேயே அவசரமாக எழுதப்பட்டிருக்கும். மூலப் பதிப்போடு ஒப்பிட்டு டிஃப் (வரிவாரியான வேறுபாட்டுப் பட்டியல்) எடுத்தால் தடிமனாக ஒரே கோப்பு வரும். எந்த வரி எதற்காக என்று அது சொல்லாது.

இது வெறும் ஒழுங்குப் பிரச்சினை இல்லை. 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில், நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி காட்டிய எச்சரிக்கைகளை நீக்குவதற்காக, ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் மூலநிரலில் இரண்டு வரிகளை முடக்கினார்கள். அவற்றில் ஒன்றுதான் சீரற்ற எண் உருவாக்கத்துக்குள் என்ட்ரோபியை, அதாவது ஊகிக்க முடியாத தரவை, கலக்கும் வரி. விளைவாக, குறியாக்கச் சாவி உருவாக்கும்போது மாறிக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட பிராசஸ் எண் (ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண்) மட்டுமே. ஒரே வகை, ஒரே அளவு, ஒரே கணினிக் கட்டமைப்பு என்றால் சாத்தியமான சாவிகள் மொத்தமே 32 ஆயிரத்துச் சொச்சம்தான். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து வெளியே வரும்வரை உபுண்டு உட்பட எல்லா வழித்தோன்றல்களிலும் அந்தச் சாவிகள் புழக்கத்தில் இருந்தன. அந்த மாற்றத்தைத் தனி பேட்சாக, அதாவது தனி டிஃப் கோப்பாக, வைத்திருந்தால் நிச்சயம் தப்பித்திருக்கலாம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டெபியன் மூலநிரலைப் பொதியாக வைக்கும் பழைய 1.0 வடிவத்தில் எல்லா மாற்றங்களும் இயல்பாக ஒரே டிஃப் கோப்பில்தான் சேரும். பின்னர் வந்த 3.0 குவில்ட் வடிவத்தில் ஒவ்வொரு மாற்றமும் பெயரோடும் காரணத்தோடும் தனியாக நிற்க முடியும். வெளியாள் ஒருவர் திறந்து பார்த்து "இது ஏன்?" என்று கேட்க முடியும். எனக்கு அது பெரிய வித்தியாசம்.

குவில்ட் என்பது ஆண்ட்ரூ மார்ட்டன் கெர்னலுக்காக எழுதிவைத்திருந்த பேட்ச் ஸ்கிரிப்ட்களிலிருந்து வளர்ந்த கருவி. பேட்ச்கள் ஒரு கோப்புறையில் இருக்கும். எந்த வரிசையில் போட வேண்டும் என்பதை சீரீஸ் என்ற சாதாரண உரைக்கோப்பு சொல்லும். புஷ் கொடுத்தால் அடுத்த பேட்ச் ஏறும், பாப் கொடுத்தால் மேலே இருப்பது இறங்கும். நடுவில் உள்ள ஒன்றைத் திருத்த வேண்டுமா? அதுவரை இறக்கி, நிரலை மாற்றி, ரெஃப்ரெஷ் கொடுத்தால் அந்த பேட்சே புதுப்பிக்கப்படும். திருத்தத்துக்குத் திருத்தம் என்று இன்னொரு கமிட் சேராது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: பேட்சில் இதுவரை இல்லாத கோப்பு என்றால், கை வைப்பதற்கு முன்பே குவில்ட் ஆட் கொடுக்க வேண்டும். மாற்றிய பிறகு கொடுத்தால், அந்த மாற்றம் பேட்சுக்குள் வராது. குவில்ட் எடிட் என்று திறந்தால் இந்தக் கவலையே இல்லை.

அப்ஸ்ட்ரீமிலிருந்து, அதாவது மூல மென்பொருளை எழுதுகிறவர்களிடமிருந்து, புதுப் பதிப்பு வரும்போதுதான் உண்மையான வேலை. பேட்ச் ஏறவில்லை என்றால் பயமில்லை, உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். நான் பயப்படுவது "ஃபஸ்" என்ற செய்தியோடு ஏறிவிடும் பேட்சுக்குத்தான். சுற்றியுள்ள வரிகள் முழுதாகப் பொருந்தாதபோதும், ஓரத்து வரிகளைக் கணக்கில் எடுக்காமல் பேட்ச் போடும் கருவி மாற்றத்தை ஒட்டிவிடும். ஒரே மாதிரி இரண்டு ஃபங்ஷன்கள் அடுத்தடுத்து இருந்தால், உதாரணமாக நாம் சேர்த்த ஒரு லாக் சரிபார்ப்பு தவறான ஃபங்ஷனில் போய் உட்காரும். கம்பைல் ஆகும், டெஸ்டும் தாண்டும். டெபியனின் கருவி ஃபஸ்ஸை அறவே ஏற்காது. நம் பில்டிலும் அதே கண்டிப்பு வேண்டும்.

குவில்ட்தான் வேண்டும் என்று இல்லை. கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியலுக்கு எம்க்யூ, கிட்டுக்கு எஸ்டிகிட் என்று இதே யோசனையில் கருவிகள் உண்டு. வெறும் கிட்டிலேயே நம் மாற்றங்களுக்கு ஒரு பிராஞ்ச் (தனிக் கிளை) வைத்து, ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் ரீபேஸ் செய்வதும், அதாவது அந்த கமிட்களைப் புதுப் பதிப்பின் மேல் மறுபடி ஏற்றுவதும் சரி. ஆனால் பலர் பகிரும் பிராஞ்சை ரீபேஸ் செய்தால் வரலாறு மாறும், சக ஊழியர்கள் திணறுவார்கள். அதனால் பல பேர் கை வைக்கும் இடங்களில் பேட்ச் கோப்புறையையே ஒரு கிட் ரெப்போவில் (களஞ்சியத்தில்) போட்டுவிடச் சொல்வேன். பேட்ச் எப்போது, யாரால், ஏன் மாறியது என்பதற்கும் வரலாறு கிடைக்கும். பேட்சே ஒரு டிஃப் என்பதால், அதன் மாற்றத்தைக் காட்டும் டிஃப்பில் பிளஸ்ஸும் மைனஸும் இரட்டையாக வந்து கண்ணைக் குழப்பும் என்பது உண்மை. ரீபேஸ் வழியில் போகிறவர்களுக்கு 2018இல் கிட்டில் சேர்ந்த ரேஞ்ச்-டிஃப் நல்ல துணை. பழைய தொடரையும் புதிய தொடரையும் பேட்ச் பேட்சாக ஒப்பிட்டுக் காட்டும்.

அப்புறம், ஒவ்வொரு பேட்சின் தலையிலும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எதற்காக, எங்கிருந்து எடுத்தது, அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியாயிற்றா. மூன்றாவதை யாரும் நிரப்புவதில்லை. அனுப்பாத பேட்சை ஒவ்வொரு பதிப்புக்கும் நாமேதான் சுமக்க வேண்டும். அனுப்பி ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றால், அடுத்த பதிப்புக்கு மாறும் அன்றே சீரீஸிலிருந்து அந்த வரியை எடுத்துவிடலாம்.