பியானோ முன்னால் சும்மா இருக்கும் பத்து வினாடி

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி ஒருவரின் கேள்வி: "மகனுக்கு எட்டு வயது. ஞாயிறு காலை பியானோ வகுப்பு. வாரம் முழுக்க மூடியைத் திறக்க மாட்டான். சனி இரவு இரண்டு மணி நேரம் பிடித்து உட்கார வைக்கிறேன். அப்படியும் டீச்சர் முன்னால் தடுமாறுகிறான். அவனுக்குக் கை வராதா?"

கை வரும். கணக்குதான் இடிக்கிறது. சனி இரவு 120 நிமிடம் வாசித்தாலும், திங்கள் முதல் சனி வரை தினம் 20 நிமிடம் வாசித்தாலும் மொத்தம் ஒன்றுதான். ஆனால் முதல் வழியில் வகுப்புக்கு முன் கிடைப்பது ஒரே ஒரு இரவுத் தூக்கம். இரண்டாவதில் ஆறு. 2002-இல் ஹார்வர்டில் விரல் தட்டும் வரிசை ஒன்றைச் சிலருக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். மேற்கொண்டு பயிற்சியே இல்லாமல், தூங்கி எழுந்தவர்களின் வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களுக்கு அந்த லாபம் இல்லை.

சரி, தூக்கத்தின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது அதைவிடச் சின்ன ஓய்வு.

அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்களில் நடந்து, 2021-இல் வெளியான ஆய்வு அது. இடக்கையால் 41324 என்ற வரிசையைப் பத்து வினாடி தட்ட வேண்டும், பத்து வினாடி சும்மா இருக்க வேண்டும், மறுபடி தட்ட வேண்டும். தொடக்கச் சுற்றுகளில் வேகம் கூடியது தட்டும்போது அல்ல, சும்மா இருந்த இடைவெளிகளில். மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் கருவியை வைத்து அந்த இடைவெளிக்குள் எட்டிப் பார்த்தார்கள். விரல் அசையவில்லை, ஆனால் மூளை அதே வரிசையைத் தனக்குள் ஓட்டிக்கொண்டிருந்தது, சுமார் 20 மடங்கு வேகத்தில்! கை ஒரு வினாடி எடுப்பதை மூளை 50 மில்லி வினாடியில் முடித்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறது. யாருக்கு இந்த ஓட்டம் அதிகமோ, அவருக்கு முன்னேற்றமும் அதிகம். விரலை இயக்கும் பகுதி மட்டுமல்ல, நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸும் இதில் சேர்ந்துகொள்கிறது.

தட்டியவர்கள் பெரியவர்கள், தட்டியது பியானோவையும் அல்ல. அந்த வேகம் உண்மையில் ஓய்வில்தான் கூடுகிறதா என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஐந்து எண்ணைத் தட்டிப் பார்க்க அரசாங்கப் பணமா என்று கேட்பவர்கள் வேறு. கொடுக்கட்டும் என்பேன். இங்கே நினைவாற்றல் தாயத்துக்கு நாம் கொடுக்காத காசா? சரஸ்வதி பூஜைக்குக் கீபோர்டுக்குப் பொட்டு வைப்பதில் எனக்குச் சண்டையே இல்லை. தாயத்தோடுதான் சண்டை.

வீட்டில் இதை முயன்று பார்த்தேன். சி மேஜர் ஸ்கேலில் மூன்றாவது சுரம் முடிந்ததும் கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழைந்து நான்காவதைத் தொட வேண்டும். என் மகள் ஒவ்வொரு தடவையும் அங்கேதான் இடறுவாள், உடனே கோபத்தோடு வேகமாகத் திருப்பி அடிப்பாள், மறுபடி இடறுவாள். இப்போது அந்த நான்கு சுரத்தை மட்டும் மெதுவாக மூன்று முறை, அப்புறம் கையை மடியில் வைத்துப் பத்து எண்ண வேண்டும் என்று ஏற்பாடு. அடுப்படியிலிருந்து பாட்டி, "சத்தத்தையே காணோம், என்னடி பண்றே?" என்று கேட்கிறார்.

தினமும் எப்படி உட்கார வைப்பது? நேரத்தைக் கடிகாரத்தில் கட்டாமல் ஒரு செயலில் கட்டுங்கள். பள்ளி விட்டு வந்து, குளித்து, மைலோ குடித்து வைத்த கோப்பைக்கு அடுத்தது பியானோ. லண்டனில் பெரியவர்களிடம் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வரச் சராசரி 66 நாள் ஆனது. நம் ஒரு மண்டலத்தைவிடப் பதினெட்டு நாள் கூடுதல். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்ததால், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். நடுவே ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறி வந்த களைப்பில் பையன் தூங்கிவிட்டால் எழுப்பாதீர்கள். மறுநாள் மைலோவுக்கு அப்புறம் மூடியைத் திறந்தால் போதும்.