அட்ரஸ் பார் இல்லாத பிரவுசர்: ஒரு வெப் கேம் ஆப் ஆகும் விதம்

ஒரே எண் கொண்ட கட்டங்களை நகர்த்திச் சேர்க்கும் 2048 விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? 2014 மார்ச்சில் கேப்ரியேல் சிருல்லி என்ற இத்தாலிய இளைஞர் ஒரு வார இறுதியில் எழுதி இணையத்தில் போட்டது. மொத்தமும் வெப் பக்கங்களை எழுதும் மொழிகளான எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட்தான். யாரும் தாராளமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். அதனால் பிரவுசரில் ஓடும் ஒரு கேம், ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆப்கள் எழுதும் மொழிகளான கோட்லினிலோ ஸ்விஃப்டிலோ ஒரு வரிகூட எழுதாமல் எப்படி ஆப் ஆகிறது என்று விளக்க இதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் வெப்வியூ என்று ஒன்று இருக்கிறது. வெப் பக்கத்தைத் திரையில் காட்டும் முழு பிரவுசர் எஞ்சின்தான், ஆனால் அட்ரஸ் பார், டேப், பட்டன் எதுவும் கிடையாது. ஆண்ட்ராய்டில் 4.4 பதிப்பிலிருந்து அது குரோம் பிரவுசரின் அடிப்படையான குரோமியம், ஐபோனில் சஃபாரிக்குள் இருக்கும் அதே வெப்கிட். கார்டோவா, கெப்பாசிட்டர் மாதிரியான கருவிகள் ஒரே ஒரு திரை உள்ள நேட்டிவ் (அந்தந்தப் போனுக்கென்றே எழுதிய) ஆப்பைத் தயாராக எழுதி வைத்திருக்கின்றன. அந்தத் திரை முழுக்க வெப்வியூ. உங்கள் கேம் ஃபைல்களை அதற்குள் நகலெடுத்து வைப்பதோடு வேலை முடிகிறது. நம்பிக்கை இல்லையென்றால் கெப்பாசிட்டரில் செய்த ஒரு ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல்) ஜிப் என்று பெயர் மாற்றித் திறந்து பாருங்கள், அசெட்ஸ் ஃபோல்டருக்குள் நீங்கள் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

வெப்வியூ ஆப் என்றாலே மந்தம் என்று பலர் இன்னும் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. ஜாவாஸ்கிரிப்ட்டை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் வசதியை ஐபோனின் பழைய வெப்வியூவுக்கு ஆப்பிள் கொடுக்கவில்லை, சஃபாரியில் பறக்கும் கேம் ஆப்பில் தவழ்ந்தது. 2014இல் ஐஓஎஸ் 8 உடன் வந்த புதிய வெப்வியூ ஆப்பிலிருந்து பிரிந்து தனி பிராசஸில் ஓடுவதால் அந்தத் தடை போய்விட்டது. 2048 மாதிரியான கட்டப் புதிர், சீட்டாட்டம், வார்த்தை விளையாட்டுக்கெல்லாம் இன்று நேட்டிவில் திரும்ப எழுதுவது வீண் உழைப்பு என்றே நினைக்கிறேன். கனமான முப்பரிமாண கேம் என்றால் கதை வேறு.

சரி, நகலெடுத்தால் போதுமா? பிரவுசர் சத்தமில்லாமல் செய்து தந்த வேலைகள் பல உண்டு. ஆப் ஆனதும் அவை ஒவ்வொன்றாக நம் தலையில் விழுகின்றன.

முதலில் முகவரி. எச்டிஎம்எல்லை நேரடியாக ஃபைலாகத் திறந்தால், பாதுகாப்புக் காரணமாக பிரவுசர் எஞ்சின் தனித்தனி ஃபைல்களாகப் பிரித்து எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களை ஏற்ற மறுக்கும், வெறும் வெள்ளைத் திரைதான் மிஞ்சும். அதனால் கெப்பாசிட்டர் ஆண்ட்ராய்டில் உங்கள் கேமை 'இதே கருவி' என்று பொருள்படும் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியில் இருப்பதாகக் காட்டுகிறது. வெப்வியூ அந்த முகவரியைக் கேட்கும்போது நேட்டிவ் பகுதி இடையில் மறித்து, அசெட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறது. நெட்வொர்க் பக்கமே அந்தக் கோரிக்கை போவதில்லை.

இந்த முகவரி மாற்றத்துக்கு ஒரு விளைவு இருக்கிறது. 2048 ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பலகையின் நிலையை, பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் கருவியிலேயே ஒதுக்கும் சேமிப்பான லோக்கல் ஸ்டோரேஜில் எழுதுகிறது, அதிகபட்ச ஸ்கோரும் அங்கேதான். அந்தச் சேமிப்பு முகவரியோடு கட்டப்பட்டது. வெப்சைட்டில் எடுத்த ஸ்கோர் லோக்கல்ஹோஸ்டில் இருக்கும் ஆப்புக்குத் தெரியவே தெரியாது, பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். போதாக்குறைக்கு, போனில் இடம் குறைந்தால் ஐஓஎஸ் இந்தச் சேமிப்பை அழித்துவிடவும் கூடும்.

மாதக்கணக்கில் சேர்த்த ஸ்கோர் ஒருநாள் காணாமல் போனால் ஆடுபவருக்கு எப்படி இருக்கும்? அதனால் ஸ்கோரை நேட்டிவ் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். கெப்பாசிட்டரில் இதற்கு பிரிஃபரன்சஸ் என்ற பிளக்இன் (கூடுதல் வசதி தரும் இணைப்பு) உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பும் செய்தி ஒரு பாலம் வழியாக நேட்டிவ் பகுதிக்குப் போகும், அது ஆண்ட்ராய்டின் அல்லது ஐஓஎஸின் சொந்தச் சேமிப்பில் எழுதிவைக்கும். 2048இல் சேமிப்பு வேலை முழுக்க ஒரே ஃபைலில் இருப்பதால் மாற்றுவது சுலபம் போலத் தோன்றும். கவனிக்க வேண்டியது நேரம்: லோக்கல் ஸ்டோரேஜைக் கேட்டால் அந்த வரியிலேயே பதில் வந்துவிடும், பாலம் வழியே கேட்டால் கொஞ்சம் கழித்துத்தான் வரும். பழைய பலகை வந்து சேரும்வரை கேமைத் தொடங்காமல் காத்திருக்கும்படி எழுதாவிட்டால், ஆடுபவர் பாதியில் விட்ட ஆட்டத்தின் மேல் புது ஆட்டம் பதிவாகிவிடும்.

விரல் அசைவில் சிருல்லி நம் வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறார். விரல் தொட்ட இடத்துக்கும் எடுத்த இடத்துக்கும் உள்ள கிடைமட்டத் தூரமோ செங்குத்துத் தூரமோ 10 பிக்சலைத் தாண்டினால்தான் அது நகர்த்தல். கிடைமட்ட தூரம் அதிகமா, செங்குத்துத் தூரம் அதிகமா என்று பார்த்து திசையை முடிவு செய்கிறது. கீபோர்டை மட்டும் நம்பி எழுதிய கேம்களுக்கு இதை நீங்களே சேர்க்க வேண்டும். ஆண்ட்ராய்டின் பேக் பட்டன் என்ன செய்ய வேண்டும், வேறு ஆப்புக்குப் போனால் இசை நிற்க வேண்டுமா என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எதிரிகள் வரும் கேமில், திரை ஒருமுறை புதுப்பிக்கும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 5 பிக்சல் என்று எதிரியை நகர்த்தியிருந்தால், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் நொடிக்கு 300 பிக்சல், 120 ஹெர்ட்ஸ் போனில் 600! கடந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எந்தத் திரையிலும் ஒரே வேகம்.

ஆண்ட்ராய்டுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு, 2019இல் குரோம் 72 உடன் வந்த டிரஸ்டட் வெப் ஆக்டிவிட்டி. இதில் வெப்வியூ கிடையாது, குரோமே முழுத் திரையில் உங்கள் வெப்சைட்டைத் திறக்கும். அதனால் வெப்சைட்டில் குரோம் வழியாக எடுத்த ஸ்கோர் அப்படியே இருக்கும். தளமும் ஆப்பும் ஒருவருடையதுதான் என்று நிரூபிக்க, ஆப்பை வெளியிட்டது நீங்கள்தான் என்று காட்டும் கையெழுத்துச் சாவியின் கைரேகை எண்ணை (சாவியை அடையாளம் காட்டும் நீண்ட எண்) ஒரு சின்ன ஃபைலில் எழுதித் தளத்தில் வைக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் மேலே அட்ரஸ் பார் வந்துவிடும்.

பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர். ஐபோனுக்குக் கட்டமைக்க எக்ஸ்கோட் வேண்டும், அது மேக்கில்தான் ஓடும். வெப்சைட்டை அப்படியே பெட்டிக்குள் போட்டது போல இருந்தால் ஆப்பிள், ஆப் என்றால் வெப்சைட்டைத் தாண்டி ஏதாவது தர வேண்டும் என்ற தன் 4.2 விதியைக் காட்டித் திருப்பி அனுப்பும். எனவே ஃபைல்களை ஆப்புக்குள்ளேயே வையுங்கள், ஏர்பிளேன் மோடில் போட்டு முதலிலிருந்து ஒரு ஆட்டம் முழுதாக ஆடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.