மாலைமாற்றுப் பகா எண்: சொல் விளக்கம்

1000000000000066600000000000001

முதலில் ஒரு 1, பிறகு 13 சுழியம், நடுவில் 666, மறுபடியும் 13 சுழியம், கடைசியில் 1. மொத்தம் 31 இலக்கம். வலமிருந்து படித்தாலும் இதே எண்தான். அதோடு, 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. இந்த இரண்டு குணமும் சேர்ந்த எண்ணை ஆங்கிலத்தில் 'பாலிண்ட்ரோமிக் பிரைம்' என்கிறார்கள். 666 விவிலியத்தின் திருவெளிப்பாட்டில் வரும் விலங்கின் எண், 13 மேலைநாட்டாருக்கு ஆகாத எண். அதனால் கணித நூல்கள் எழுதும் கிளிஃபோர்ட் பிக்கோவர் இதற்கு 'பெல்பெகோர்' என்று ஒரு பேயின் பெயரையே வைத்துவிட்டார்.

'பாலிண்ட்ரோம்' கிரேக்கச் சொல். 'பாலின்' என்றால் திரும்பவும், 'த்ரோமோஸ்' என்றால் ஓட்டம். திரும்பி ஓடுவது. தமிழில் இதற்கு மாலைமாற்று என்ற அழகான சொல் எப்போதோ இருக்கிறது. பூமாலையை எந்த முனையில் பிடித்தாலும் ஒன்றுபோலத்தானே தொங்கும்? சம்பந்தர் சீர்காழியைப் பாடிய திருமாலைமாற்று இப்படித் தொடங்குகிறது:

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துப் பாருங்கள், மாறாது. பேச்சுவழக்கில் 'விகடகவி' என்றாலே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

'பிரைம்' லத்தீனில் 'முதல்' என்ற பொருளில் பிறந்தது. இலங்கைப் பாடநூல்களில் வரும் முதன்மை எண் அதை ஒட்டியது. தமிழ்நாட்டில் பகா எண். நன்னூலின் பகுபதம், பகாப்பதம் போலத்தான் இதுவும், பகுக்க முடியாதது. பெயரிலேயே வரையறை இருப்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும். இரண்டையும் சேர்த்தால் மாலைமாற்றுப் பகா எண்.

சரி, இந்த எண்களின் இலக்கங்களின் எண்ணிக்கை ஏன் 3, 5, 31 என்று ஒற்றைப்படையிலேயே வருகிறது? 4774-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 4−7+7−4, சுழியம். அப்படியானால் அது 11-ஆல் வகுபடும். ஈவு 434, அதுவும் ஒரு மாலைமாற்று! இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையில் இருந்தால் எந்த மாலைமாற்றுக்கும் இதே கதிதான். 11 மட்டும் தப்பிக்கிறது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பகாமை எண்ணுக்கே உரிய குணம், எப்படி எழுதினாலும் போகாது. மாலைமாற்று எழுத்தின் குணம். 101-ஐ நம் பழைய எண்குறியில் ௱௧ என்று எழுதுவார்கள். எண் பகா எண்ணாகவே இருக்கிறது, மாலை மட்டும் அறுந்துவிடுகிறது. 11-ஐ 0, 1 மட்டுமே வரும் இரும முறையில் எழுதினால் 1011, அங்கேயும் அறுந்தது. ஆனால் 313 என்ற பகா எண்ணை இரும முறையில் எழுதிப் பாருங்கள்: 100111001.