ஓப்பன் ஆக்சஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றங்கரைக் கிணறுகளில் தோல் தொழிற்சாலைக் கழிவு எவ்வளவு இறங்கியிருக்கிறது, குரோமியம் எவ்வளவு என்று ஆய்வுக் கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் தண்ணீர் மொண்டு கொடுத்த கிணற்றுக்காரர் வீட்டுப் பிள்ளை செல்போனில் தேடிப் பார்த்தால், பலவற்றில் சுருக்கம் மட்டும் தெரியும், மிச்சத்துக்கு டாலரில் காசு கேட்கும். அப்படிக் கேட்காமல் முழுக் கட்டுரையையும் எல்லாருக்கும் திறந்துவிடுவதுதான் ஓப்பன் ஆக்சஸ்.

சொல் நூலகத்திலிருந்து வந்தது. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆள் உள்ளே போய்ப் புத்தகம் எடுத்து வரும்வரை நிற்காமல், வாசகரே நேராக அலமாரிக்குப் போவதற்குத்தான் முதலில் அந்தப் பெயர். நம்ம சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்ற நூலில் இதற்காக வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுகிறார். ஆய்விதழ்களுக்கு இந்தப் பெயர் நிலைத்தது 2002 பிப்ரவரியில், ஆய்விதழ்களைத் திறந்துவிடக் கோரி வந்த புடாபெஸ்ட் அறிக்கையால். படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், நகலெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், எழுதியதைச் சிதைக்காமல் எழுதியவர் பெயரை ஒழுங்காகப் போட்டால் போதும் என்கிறது அது.

அதனால் 'இலவச இதழ்' என்று எழுதுவது பாதிதான் சரி. படிப்பவருக்கு இலவசம், ஆனால் பல இதழ்களில் எழுதுபவர் தலையில் கட்டணம் விழுகிறது, அதுவும் ஒரு ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகையில் கட்டக்கூடிய தொகையாக இருப்பதில்லை. கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இதழே கட்டுரையைத் திறந்து வெளியிடுவதற்குத் தங்க வழி என்று பெயர் (யாருக்குத் தங்கமோ!). கட்டுரையின் தன் பிரதியைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் தானே ஏற்றி வைப்பது பசுமை வழி. வேலூர், காட்பாடிப் பக்கம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருப்பவர்களுக்குத் தெரிந்த சோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளுக்கான ஒரு களஞ்சியம்தான்.

சரி, தமிழ்ச் சொல்? ஆக்சஸ் என்பதன் லத்தீன் வேர் 'நெருங்கிப் போதல்'. நம்முடைய 'அணுகு' அப்படியே பொருந்துகிறது. 'திறந்த அணுக்கம்' என்றும் எழுதுகிறார்கள், தவறில்லை, ஆனால் எனக்கு ஒட்டவில்லை. அணுக்கத் தொண்டர் என்றால் கூடவே இருக்கும் நெருக்கமானவர், தஞ்சைப் பெரிய கோயிலின் அணுக்கன் திருவாயிலும் அந்த நெருக்கத்தின் பெயர்தான். எல்லாருக்கும் பொதுவான ஒன்றுக்கு அந்த வாடை எதற்கு? 'திறந்த அணுகல்' போதும். 'திறந்த அனுமதி' வேண்டவே வேண்டாம், அது கோயில் நுழைவுச் சீட்டு மாதிரி இருக்கிறது. 'திறந்த அணுகல் இதழ்', 'கட்டுரை திறந்த அணுகலில் உள்ளது' என்று எழுதலாம். பேச்சில் ஓப்பன் ஆக்சஸ் என்றே சொன்னாலும் யாரும் அடிக்க வரப்போவதில்லை.